துப்பாக்கி இல்லாத கௌபாய் படம்: வைக்கிங் பழிவாங்கல் கதையும் இத்தாலிய வெஸ்டர்னும்

அயர்லாந்தின் ஒரு கடற்கரையில் ஸ்காண்டிநேவியாவின் கடலோடிகளான வைக்கிங் கொள்ளையர்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரு சிறுவனின் கண்முன்னாலேயே அவனுடைய அப்பா, அம்மாவைக் கொல்கிறார்கள். உடன்பிறந்தவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிறுவனையும் முடித்துவிடு என்று உத்தரவு வருகிறது. உத்தரவு வாங்கியவனுக்கோ மனம் வரவில்லை, விட்டுவிடுகிறான். அந்தப் பையன் வளர்ந்து ஆளாகி, கொன்றவர்களைத் தேடி ஐஸ்லாந்துக்குக் கப்பலேறுகிறான்.

1984-ல் ஐஸ்லாந்து இயக்குநர் ஹ்ராஃப்ன் குன்லாய்க்சன் எடுத்த ‘ஹ்ராஃப்னின் ஃப்ளீகுர்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ‘வென் தி ரேவன் ஃப்ளைஸ்’ என்று வெளியானது. படத்தில் இருக்கும் உடை, குடிசை, குதிரை எல்லாம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை. ஆனால் படம் நகரும் நடை, ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் விதம், இசை வந்து விழும் இடம் எல்லாம் 1960-களின் ரோம் நகர ஸ்டூடியோக்களில் பிறந்தவை. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் கௌபாய் படம் ஒன்றையாவது பார்த்தவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கௌபாய் தொப்பியும் ரிவால்வரும் இல்லாமல் ஒரு படம் எப்படி ‘வெஸ்டர்ன்’ ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு முதலில் இத்தாலிக்காரர்கள் வெஸ்டர்னை என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

1950-களின் இறுதியில் இத்தாலிய சினிமாவுக்குச் சோறு போட்டவை புராண வீரர் படங்கள். 1958-ல் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் படம் பெரும் வசூல் செய்ய, கட்டுமஸ்தான ஆட்கள் சட்டையில்லாமல் தூண்களைத் தள்ளிச் சாய்க்கும் படங்கள் வரிசையாக வந்தன. லியோனே இயக்குநராகப் பெயர் போட்டுக்கொண்ட முதல் படமும் அந்த ரகம்தான், 1961-ல் வந்த ‘ரோட்ஸ் தீவின் மாபெரும் சிலை’. சில ஆண்டுகளில் மக்களுக்கு அலுத்துவிட்டது. ஸ்டூடியோ இருக்கிறது, ஸ்டன்ட் ஆட்கள் இருக்கிறார்கள், குதிரைகள் இருக்கின்றன. புதிதாக ஏதாவது எடுத்தாக வேண்டும்.

1964-ல் லியோனே ஒரு கௌபாய் படம் எடுத்தார். கதை ஜப்பானிலிருந்து வந்தது. அகிரா குரோசவா 1961-ல் எடுத்த ‘யோஜிம்போ’வில், ஊருக்குள் வரும் ஒரு வேலையற்ற சாமுராய் அங்கே மோதிக்கொண்டிருக்கும் இரண்டு கும்பல்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏவிவிட்டு இரண்டையும் அழிக்கிறான். அதே கதையை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோய், வாளுக்குப் பதில் ரிவால்வரைக் கொடுத்தால் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. அனுமதி வாங்கவில்லை என்று ஜப்பான் தரப்பு வழக்குப் போட, கடைசியில் உலக வசூலில் 15 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நடிகர். சம்பளம் 15,000 டாலர். முதலில் வெளியானபோது டைட்டிலில் இயக்குநரின் பெயர் பாப் ராபர்ட்சன் என்று இருந்தது. அமெரிக்கப் படம் என்று நம்பினால்தானே டிக்கெட் வாங்குவார்கள்! இசையமைத்த என்னியோ மோரிக்கோனேவும் டான் சாவியோ என்று மாறியிருந்தார்.

படப்பிடிப்பு நடந்ததும் அமெரிக்காவில் இல்லை. தென் ஸ்பெயினில் அல்மெரியா பக்கம் தபெர்னாஸ் என்றொரு வறண்ட நிலம் உண்டு. காய்ந்த ஓடைகள், மொட்டைக் குன்றுகள், கண்ணைக் கூசவைக்கும் வெயில். செலவு குறைவு, பார்க்க டெக்சஸ் மாதிரியே இருக்கும். ஸ்பெயினில் ஜப்பான் கதையை எடுத்து இத்தாலிய மொழியில் டப்பிங் செய்து அமெரிக்கப் படம் என்று விற்றார்கள். ‘ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்’ என்று கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். அந்த அலை கோடம்பாக்கம் வரைக்கும் அடித்தது; ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ எல்லாம் (இரண்டும் 1972) அதன் ஈரத்தில் முளைத்தவைதான்.

இந்தப் படங்களில் ஹாலிவுட்டிலிருந்து மாறியது என்ன? பழைய அமெரிக்க வெஸ்டர்னில் ஊர்க்காவல் அதிகாரியான ஒரு ஷெரிஃப் இருப்பார், தேவாலயம் இருக்கும், நாயகன் நல்லவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நாகரிகம் காட்டுக்குள் வந்து சேர்ந்த கதை அது. இத்தாலிக்காரர்களுக்கு அந்த வரலாற்றின் மேல் எந்தப் பாசமும் கிடையாது. சட்டத்தை எடுத்து வெளியே போட்டார்கள். மிஞ்சியது காசு, பழி, உயிர்பிழைத்தல். நாயகன் வில்லனைவிடச் சற்றே கெட்டிக்காரன், சற்றே நிதானமானவன், அவ்வளவுதான் வித்தியாசம். முகத்தில் அழுக்கு, மூன்று நாள் தாடி, பேச்சு மிகக் குறைவு. எங்கிருந்து வந்தான் என்று தெரியாது. பெரும்பாலும் பெயரும் தெரியாது.

கதையில் நடந்த மாற்றம் இது. கேமராவில் நடந்த மாற்றம் இன்னும் பெரியது, அதற்குப் பின்னால் ஒரு சிக்கனக் கணக்கும் உண்டு. சாதாரணமாக 35 எம்எம் ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு, ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் நான்கின் உயரம் போகும். 1960-ல் டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை கொண்டுவந்த டெக்னிஸ்கோப் முறையில் இரண்டு துளை போதும். அகலத்திரைப் படத்தைப் பாதி ஃபிலிமில் எடுத்துவிடலாம். மற்ற அகலத்திரை முறைகளுக்குத் தேவைப்பட்ட விசேஷ லென்ஸ் இதற்கு வேண்டாம், சாதாரண லென்ஸே போதும் என்பதால் முகத்துக்கு மிக அருகே போயும் ஃபோகஸ் செய்ய முடிந்தது. அவ்வளவு அகலமான திரையில் இரண்டு கண்கள் மட்டும் தெரியும் அந்தப் புகழ்பெற்ற க்ளோஸப்புக்கு இந்த மலிவான முறை பெரிய உதவி. கண், துப்பாக்கி உறை, துடிக்கும் விரல், பிறகு சட்டென்று ஊரே தெரியும் வைட் ஷாட். நடுவாந்தரமான ஷாட்டுகள் குறைந்துபோயின.

ஓசைக்கும் இதே கதிதான். படப்பிடிப்பில் ஒலி பதிவதில்லை. எல்லாம் பின்னால் சேர்த்தவை. அதனால் எந்த ஓசை கேட்கவேண்டும், எது கேட்கக் கூடாது என்று இயக்குநர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். 1968-ல் வந்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் தொடக்கத்தில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது, தொப்பிமேல் தண்ணீர் சொட்டுகிறது, ஒரு ஈ பறக்கிறது. சில நிமிடங்களுக்கு வேறொன்றும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. அதே படத்துக்கு மோரிக்கோனே இசையை முன்பே எழுதிவிட, படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார் லியோனே.

இவை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றுதான்: காத்திருப்பை நீட்டுவது. துப்பாக்கிச் சண்டை அரை நொடியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் படம். வாடிவாசல் திறப்பதற்கு முன்னால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதைத் திரையில் இழுத்துக்கொண்டே போவது மாதிரி. இப்படி இழுப்பதற்கு ஒரு பொருள் கட்டாயம் தேவை: தூரம். இருபது முப்பது அடி தள்ளி இரண்டு பேர் நிற்கவேண்டும். யாரும் யாரையும் தொட முடியாது, ஆனால் எந்தக் கணமும் யாரும் சாகலாம். க்ளோஸப்புக்கும் வைட் ஷாட்டுக்கும் இடையில் வெட்டிவெட்டிப் போகமுடிவது அந்த இடைவெளியால்தான்.

வைக்கிங் கதைக்கு இங்கேதான் இடிக்கிறது. வைக்கிங் கையில் இருப்பது கோடரியும் வாளும். அவற்றால் கொல்ல வேண்டுமானால் கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனதும் அது மல்லுக்கட்டு: உருளல், புரளல், உறுமல். அமெரிக்காவில் 1958-ல் கிர்க் டக்ளஸ் நடித்து வந்த ‘தி வைக்கிங்ஸ்’ வகைப் படங்கள் அப்படித்தான், கப்பல், கோட்டை, கூட்டச் சண்டை என்று போகும். நன்றாக ஓடின, ஆனால் அவற்றில் யாரும் யாரையும் முறைத்துக்கொண்டு நிற்க நேரமே கிடைக்காது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் திகில் படங்களுக்குப் பேர்போன மரியோ பாவா. 1966-ல் அவர் ‘ஜான் ஹோல்ட்’ என்ற பெயரில் ‘நைவ்ஸ் ஆஃப் தி அவெஞ்சர்’ என்றொரு வைக்கிங் படத்தை முடித்துக் கொடுத்தார். வேறொரு இயக்குநர் தொடங்கிப் பாதியில் நின்ற படம். நாயகன் ரூரிக்காக கேமரன் மிட்செல். கணவனைக் காணாமல் தனித்திருக்கும் ஒரு பெண், அவளுடைய சிறு மகன், அவர்களை மிரட்டும் கொடியவன், எங்கிருந்தோ வந்து காப்பாற்றும் அந்நியன். 1953-ல் வந்த ‘ஷேன்’ என்ற அமெரிக்க வெஸ்டர்னை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டுவந்த கதை. ஆனால் இந்தக் காப்பாளன் முன்பு ஒருமுறை பழிவெறியில் அதே பெண்ணுக்குக் கொடுமை இழைத்தவன். அந்தச் சிறுவன் தன் மகனாகவே இருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஷேனின் வெள்ளை மனம் போய், இத்தாலியக் கறை படிந்துவிட்டது.

ரூரிக்கின் ஆயுதம் எறிகத்தி. மதுக்கடையில் எதிரியோடு அவன் மோதும் காட்சி, கௌபாய் படங்களில் வரும் மதுக்கடைத் துப்பாக்கிச் சண்டையேதான். மேசை, தூண், தள்ளி நிற்கும் எதிரி, இடுப்பில் வரிசையாகக் கத்திகள். தூரம் திரும்ப வந்துவிட்டது! பட்ஜெட் இல்லாத படம், செட்டுகளும் சொற்பம். அதைப் பெரிய படைப்பு என்று சொல்லத் தயங்குவேன். ஆனால் சிக்கலை அவிழ்த்த படம் அது.

பதினெட்டு ஆண்டு கழித்து ஐஸ்லாந்தின் குன்லாய்க்சனும் தன் நாயகன் கையில் கொடுத்தது எறிகத்தியைத்தான். ஆனால் அவருக்கு பாவாவிடம் இல்லாத ஒரு பெரிய சொத்து இருந்தது. இந்தக் கதை நடப்பதாகச் சொல்லும் மண், அதன் மொழி, அதன் பழைய இலக்கியம் எல்லாம் அவர் வீட்டிலேயே இருந்தன.

ஐஸ்லாந்தின் பழங்கதைகளை ‘சாகா’ என்பார்கள். பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை, ஆனால் பேசுவது அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டு முந்தைய குடும்பப் பகைகளை. அந்தச் சமூகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நார்வே அரசனின் அதிகாரம் பிடிக்காமல் ஓடிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். 930 வாக்கில் ‘ஆல்திங்’ என்ற பேரவையை ஏற்படுத்தினார்கள். சட்டம் உண்டு, அதை மனப்பாடமாக ஒப்பிக்க ஓர் அதிகாரி உண்டு, வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு. ஆனால் அரசன் கிடையாது, காவலர் கிடையாது, சிறை கிடையாது. தீர்ப்பை நிறைவேற்றுவது ஜெயித்தவன் பாடு. கொலைக்கு இழப்பீடு வாங்கலாம். வாங்க மனமில்லை என்றால் பதிலுக்குக் கொல்லலாம், அவர்கள் திரும்ப வருவார்கள். ஒருவனை முழுமையாகச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம், கேள்வி இல்லை. லியோனே ஷெரிஃப்பைத் துரத்திவிட்டுத்தான் தன் உலகத்தைக் கட்டவேண்டியிருந்தது. ஐஸ்லாந்தில் அந்த வேலையே இல்லை.

சாகாக்களின் பேச்சும் வெஸ்டர்னின் பேச்சு போலவே இருக்கும். யார் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று கதைசொல்லி சொல்லமாட்டார். செய்ததும் சொன்னதும் மட்டும்தான். ‘கிரெட்டிர் சாகா’வில் அட்லி என்பவன் வாசலில் நிற்கும்போது எதிரி ஈட்டியால் குத்திவிடுகிறான். விழுவதற்கு முன் அவன் சொல்வது ஒன்றுதான்: இப்போதெல்லாம் அகல ஈட்டிதான் வழக்கம்போல. ஈஸ்ட்வுட்டுக்கு எழுதிய வசனம் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

அயர்லாந்து விஷயமும் கற்பனை இல்லை. வைக்கிங்குகள் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆட்களை அடிமைகளாகப் பிடித்துவந்தது வரலாறு. இன்றைய ஐஸ்லாந்து மக்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், முதலில் குடியேறிய ஆண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஸ்காண்டிநேவியர்கள் என்றும், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் விரும்பிக் கப்பலேறியிருக்க முடியாது. குடியேற்றத்தைப் பற்றிய பழைய நூலான ‘லாண்ட்நாமாபோக்’கில் ஒரு சம்பவம் வருகிறது. 870-களில் முதலில் குடியேறியவர்களில் ஒருவனான ஹ்யோர்லெய்ஃபுரைக் கொன்றது அவனுடைய ஐரிஷ் அடிமைகள். உழவுமாட்டைக் கரடி அடித்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னார்கள். கரடியைத் தேடி எஜமானர்கள் தனித்தனியாகக் காட்டுக்குள் பிரிந்ததும் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினார்கள். பிறகு தீவு ஒன்றுக்குத் தப்பியோடியவர்களை அவனுடைய சகோதரன் முறையான இங்கோல்ஃபுர் துரத்திப்போய்க் கொன்றான். ஏமாற்று, பிரித்தாளுதல், பழிக்குப் பழி. ஒரு முழு இத்தாலிய வெஸ்டர்ன் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறது.

இனி படத்துக்கு வருவோம். ஐஸ்லாந்தில் வந்திறங்கும் நாயகன் தன்னை ‘கெஸ்துர்’ என்கிறான், விருந்தாளி என்று அர்த்தம். பெயரில்லாத மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் கிடைக்காது. யாக்கோப் தோர் எய்னார்சன் நடித்திருக்கிறார். தேடிவந்த கொள்ளையர்கள் இப்போது நார்வே அரசனுக்குப் பயந்து இங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். தலைவன் தோர்துர் ஒரு பண்ணையில், பழைய கூட்டாளி எய்ரீக்குர் வேறொரு பண்ணையில். கெஸ்துர் நேரே போய் வெட்டிச் சாய்ப்பதில்லை. ஒருவனின் ஆட்களைக் கொன்று பழியை இன்னொருவன் மேல் விழச்செய்கிறான். சந்தேகத்தை விதைத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறான். யோஜிம்போவின் சாமுராயும் லியோனேயின் கௌபாயும் செய்ததே.

இதுவரை நகல் என்றே சொல்லலாம். படத்துக்குச் சொந்த உயிர் வருவது சகோதரி நுழையும் இடத்தில். அவள் தோர்துரோடு வாழ்கிறாள். அவனுக்கு ஒரு மகனைப் பெற்றிருக்கிறாள். இப்போது கெஸ்துர் கொல்லவேண்டியவன் அவன் மருமகனின் தகப்பன். மாமன் நியாயம் என்று நினைப்பது அந்தப் பையனுக்கு என்னவாகத் தெரியும்? தன் கண்முன்னே தகப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுவனாகத்தானே இந்தக் கெஸ்துரே கதையைத் தொடங்கினான்? லியோனே படங்களில் பழிதீர்த்தவன் குதிரையேறிப் போய்விடுவான், பார்ப்பவர்களுக்கும் நிம்மதி. சாகாக்களில் யாரும் அப்படிப் போய்விட முடியாது, ஏனென்றால் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. இத்தாலிய நடையை எடுத்துக்கொண்ட குன்லாய்க்சன் அந்த நிம்மதியை எடுத்துக்கொள்ளவில்லை. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை.

காட்சிக்கு வந்தால், அல்மெரியாவின் இடத்தில் கருப்பு எரிமலை மணல், பாசி படிந்த பாறை, ஓயாத ஈரம். மரமே கண்ணில் படாத நிலம் என்பதால் தூரத்தில் வரும் ஒற்றைக் குதிரைக்காரனை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெஸ்டர்னுக்குக் கேட்டு வாங்கிய மாதிரி. (வரலாற்றுப்படி இது பிழைதான். குடியேறியவர்கள் வந்தபோது மலைக்கும் கடலுக்கும் இடையில் காடு இருந்தது என்று பழைய நூல்களே சொல்கின்றன. வெட்டித் தீர்த்தவர்கள் அவர்களும், மிச்சத்தை மேய்ந்தவை அவர்களுடைய ஆடுகளும்தான். ஆனால் இந்தப் பிழை படத்துக்கு நல்லது செய்திருக்கிறது.) குதிரைகள் குள்ளமான ஐஸ்லாந்துக் குதிரைகள். பெரிய ஆள் ஏறினால் கால் தொங்கும். கௌபாய் மிடுக்கு வராது, ஆனால் உண்மை வரும். கொம்பு வைத்த தலைக்கவசம் எங்கேயும் கிடையாது. அந்தக் கொம்புகள் 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை தைத்தவர்களின் புண்ணியம். உண்மையான வைக்கிங்குகள் அப்படி எதையும் போர்க்களத்தில் அணிந்ததாகச் சான்றில்லை. ஆட்கள் அழுக்காக, நனைந்து, குளிரில் ஒடுங்கி இருக்கிறார்கள். ஹான்ஸ்-எரிக் பிலிப்பின் இசை மோரிக்கோனே வழியில் ஓர் எளிய மெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது.

ஐஸ்லாந்து–சுவீடன் கூட்டுத் தயாரிப்பான இந்தப் படம் சுவீடனில் ஒரு தனி வாழ்க்கை வாழ்ந்தது. அந்நாட்டின் குல்ட்பாகே திரைப்பட விருதுகளில் குன்லாய்க்சனுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. படத்தில் வரும் ‘கனமான கத்தி’ என்ற இரண்டே சொல் வசனம், ஐஸ்லாந்து மொழி தெரியாத சுவீடன்காரர்கள் வாயிலும் வேடிக்கையாகப் புழங்கும். பிறகு 1988-லும் 1991-லும் அவர் மேலும் இரண்டு வைக்கிங் படங்கள் எடுத்தார்; மூன்றையும் ஒரு தொகுதியாகப் பேசுவது வழக்கம். இத்தாலிக்காரர்களை ஸ்பாகெட்டி என்றவர்கள் இவரை விடுவார்களா? ‘காட் வெஸ்டர்ன்’ என்று ஐஸ்லாந்தின் காட் மீன் பெயரில் ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள்.

வைக்கிங் பழிவாங்கும் படம் எல்லாமே இந்த ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-ல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்த ‘தி நார்த்மேன்’ படத்திலும் தகப்பனைக் கொன்றவனைத் தேடி ஒருவன் ஐஸ்லாந்துக்குப் போகிறான். கதைச் சுருக்கத்தை மட்டும் படித்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் அது சடங்கு, தீர்க்கதரிசனம், விதி என்று நகரும் படம். நீளமான ஒற்றை ஷாட்டுகளில் போகிறது. கண்ணுக்கும் கைக்கும் இடையே வெட்டும் இத்தாலிய ஆட்டம் அதில் இல்லை. 2009-ல் நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்ன் எடுத்த ‘வல்ஹல்லா ரைசிங்’ படத்தில் ஒற்றைக்கண் நாயகன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. லியோனேயின் அதிகம் பேசாத நாயகனை எல்லை வரைக்கும் கொண்டுபோன மாதிரிதான், ஆனால் அங்கே பழியைவிட மயக்கம் அதிகம். சோதனை சுலபம்: சண்டையைவிடச் சண்டைக்கு முந்தைய நேரம் நீளமாக இருக்கிறதா, நாயகன் வாளைவிடச் சூழ்ச்சியை நம்புகிறானா என்று பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் யோஜிம்போவைப் பார்த்துவிட்டு ஃபிஸ்ட்ஃபுல்லுக்குப் போங்கள். ஒரே கதை உடைமாற்றி வருவது கண்ணுக்குப் பழகிவிடும். மூன்றாவதாக செர்ஜியோ கொர்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968). முழுக்கப் பனியில் நடக்கும் இத்தாலிய வெஸ்டர்ன் அது, வெயில் இல்லாமலும் இந்த நடை நிற்கும் என்று காட்டும். அதன்பின் குன்லாய்க்சன். பாவாவின் படம் நேரமிருந்தால் போதும். ஐஸ்லாந்துப் படத்தை டப்பிங்கில் பார்க்காமல் மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். பல காட்சிகளில் மொத்த வசனமே நாலைந்து சொற்கள்தான், படிக்கச் சிரமம் இருக்காது.